நெல்லைத் திருச்சபையின் கதை – அத்தியாயம் 9: மனை தந்த தருமம்

பாளையங்கோட்டைக் கோட்டையருகே குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயத்தைப் பற்றியும், 1780-இல் நாற்பது பெயர்களோடு எழுதப்பெற்ற சபைப் பதிவேட்டைப் பற்றியும் முந்தைய அத்தியாயங்கள் விரித்துரைத்தன. தஞ்சை மராத்தியப் பிராமண விதவையான அவர் ஆலயத்தோடு ஒரு கிணற்றையும் வெட்டுவித்தார் என்பதும், அது பாப்பாத்தியம்மாள் கிணறு என்று இன்றுவரை வழங்குகிறது என்பதும் அங்கே ஒரு வரியில் சொல்லப்பட்டன. நெல்லைச் சீமையில் சீர்திருத்தத் திருச்சபை செய்த பொதுநலப் பணியின் முதல் அடையாளம் அக்கிணறு என்று கொள்வதில் தவறில்லை. ஆயினும், கிணறு வெட்டுதல், சத்திரம் கட்டுதல், கஞ்சி வார்த்தல் என்ற வழக்கமான தருமங்களின் வரிசையில் வைத்து எண்ண முடியாத வேறொரு தருமம் அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இச்சபையில் உருவாயிற்று. துன்புறுத்தப்பட்ட குடிகளுக்கு நிலம் வாங்கிக் கொடுத்து, அவர்களை அங்கே குடியேற்றும் பணியே அது. பிற்காலத்து மருத்துவமனைகளும் பள்ளிகளும் தொழிற்கூடங்களும் பெற்ற புகழில் இப்பணி பெரிதும் மறக்கப்பட்டுவிட்டமையால், இவ்வத்தியாயம் அதையே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

நிலம் ஏன் தருமப் பொருளாயிற்று என்பதை அறிய, அக்காலத்துப் பனையேறியின் நிலையை முதலில் அறிய வேண்டும். திருநெல்வேலியின் தென்கிழக்கே, திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் செம்மணல் மேடுகளுக்குத் தேரி என்று பெயர். காற்று வீசுந்தோறும் இடம்பெயரும் அம்மணலில் நெல் விளையாது. பனையும் உடைமரமும் வளரும். அக்கால அரசு ஆவணங்களும் மிஷன் கடிதங்களும் சாணார் என்று எழுதியதும், பின்னாளில் போராடி நாடார் என்ற பெயரை நிலைநாட்டிக்கொண்டதுமான சமூகத்தின் பெரும்பகுதி இப்பனைகளை நம்பியே வாழ்ந்தது. பருவகாலத்தில் ஒருவர் நாளொன்றுக்கு முப்பது முதல் ஐம்பது மரம் வரை, அதுவும் காலையும் மாலையும் இருமுறை ஏறி, பாளை சீவிக் கலயம் கட்டிப் பதநீர் இறக்குவார். அவர் மனைவி அதைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். இவ்வளவு உழைப்புக்கும் மரம் பெரும்பாலும் அவருடையதன்று. மரம் நிற்கும் நிலமும், அவர் குடிசை நிற்கும் மனையும், கருப்பட்டியின் பேரில் முன்கடன் கொடுத்த கையும் பல இடங்களில் ஒருவருடையனவாகவே இருந்தன. ஆகவே நிலவுடைமையாளரின் சினம் ஒரே நாளில் தொழில், வீடு, கடன் ஆகிய மூன்றையும் பறித்துவிட வல்லதாக இருந்தது.

இத்தகைய ஒருவர் கிறித்தவராவது அவர் மட்டும் தீர்மானித்துக்கொள்ளக்கூடிய சமய முடிவாக இருக்கவில்லை. ஊர்க் கோயிலின் கொடைக்கு வரி தரமாட்டேன் என்று சொல்வதும், திருவிழாவில் வடம் பிடிக்க வேண்டிய முறைக் கடமையை மறுப்பதும், ஞாயிற்றுக்கிழமை மரமேற மறுப்பதும் நிலவுடைமையாளரின் கண்ணுக்கு ஊர் ஒழுங்கைக் குலைக்கும் கலகமாகவே தோன்றின. கூலியில்லாமல் வேலை வாங்கும் ஊழியம் என்ற வழக்கத்தின் மீதும், கோயிலின் மானத்தின் மீதும் எழுந்து நின்ற ஊரமைப்பில், நிலவுடைமையாளரின் அச்சம் முற்றிலும் காரணமற்றதன்று என்பதையும் இங்கே குறிப்பது முறையாகும். விளைவு, பல ஊர்களில் ஒரே மாதிரியாக இருந்தது: ஜெபக்கூடம் இடிக்கப்படும், குடிசைகள் பிரிக்கப்படும், கிணற்றில் நீர் எடுப்பது தடுக்கப்படும்.

இதற்கு முதலில் விடை கண்டவர் காலன்குடியில் பிறந்து, இளமையில் வீட்டை விட்டகன்று, தஞ்சாவூரில் கிறித்தவராகித் தாவீது என்ற பெயரோடு திரும்பிய சுந்தரானந்தம் என்னும் உபதேசியார். உபதேசியார் என்பவர், குருப்பட்டம் பெறாமல், ஒன்றிரண்டு ஊர்களில் தங்கிச் சபையாருக்கு மறையைக் கற்பித்து ஜெபம் நடத்தும் சம்பளப் பணியாளர். திருச்சபைக்கும் ஊருக்கும் இடையே நடைமுறையில் நின்றவர் அவரே. 1797-ஐ ஒட்டிச் சண்முகபுரம், விஜயராமபுரம் முதலிய ஊர்களில் இவருடைய உறவினர்கள் சிலர் திருமுழுக்குப் பெற்றதும், அவர்களுடைய ஜெபக்கூடம் அழிக்கப்பட்டதும், அதை மீண்டும் கட்டியபோது மீண்டும் அழிக்கப்பட்டதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. மூன்றாம் முறை அதே இடத்தில் கட்டுவதில் பயனில்லை என்று கண்ட சுந்தரானந்தம், பாளையங்கோட்டையிலிருந்த கேப்டன் எவரெட் என்னும் கம்பெனிப் படை அதிகாரியின் பண உதவியோடு, அடையல் என்னும் ஊரை அடுத்த மணற்பாங்கில் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கினார். 1799-இல் சில குடும்பங்கள் அங்கே குடியேறின. தங்களுக்கென்று அமைந்த முதல் ஊர் என்னும் பொருளில் அதற்கு முதலூர் என்று பெயரிட்டனர்.

முதலூரின் தோற்றம் அமைதியானது என்று எண்ணிவிடலாகாது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே ஆண்டில், பாளையக்காரர் போர் மூண்டு ஊர்தோறும் ஆயுதம் புழங்கிய காலத்தில் அவ்வூர் எழுந்தது. புதிய குடிகளைத் தாக்க வந்தவர்களைத் திருப்பித் தாக்குவதற்குத் தடிக்கம்புக்காரர் என்றொரு கூட்டத்தையும் சுந்தரானந்தம் திரட்டி வைத்திருந்தார். மறையைப் போதிக்கும் உபதேசியார் தடியடிப் படையொன்றின் தலைவராகவும் இருந்தார் என்பதைத் திருச்சபை வரலாற்றாசிரியர்கள் சற்றுக் கூச்சத்தோடே குறிப்பிட்டுச் செல்கின்றனர். அக்கூச்சம் தேவையற்றது. காவலுக்கும் நீதிக்கும் சென்று முறையிட இடமில்லாத குடிகள் தம் மனையைத் தாமே காத்துக்கொண்ட கதை அது. சில ஆண்டுகளில் அவர் இறந்தபோது, பகைவர் நஞ்சிட்டுக் கொன்றனர் என்ற செய்தியே பரவியது.

முதலூரைப் பார்த்து நாசரேத், எருசலேம், பெத்லகேம் என்று விவிலியப் பெயர் தாங்கிய சிற்றூர்கள் எழுந்தன. எனினும் மேற்பார்வை செய்துவந்த மிஷனரிகளான யேனிக்கே 1800-இலும் கெரிக்கே 1803-இலும் மறைந்தபின், இச்சபைகளை நாடி வரும் ஐரோப்பிய மிஷனரிகள் அரிதாயினர். 1809 முதல் 1811 வரை தென் மாவட்டங்களை வாட்டிய கொள்ளைக் காய்ச்சல் இவ்வூர்களிலும் பலரை மாய்த்தது; அஞ்சிப் பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினர். இவ்வளவுக்குப் பிறகும், 1816-இல் பாளையங்கோட்டைப் படைக் குருவாக வந்த ஜேம்ஸ் ஹஃப் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தபோது ஏறத்தாழ 3,100 கிறித்தவர் எஞ்சியிருப்பதைக் கண்டு வியந்தார். எஞ்சியவர்களில் உறுதியாக நின்றவர்கள் முதலூரிலும் நாசரேத்திலும், அதாவது சொந்த மனை கொண்ட ஊர்களில், இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது. இதற்கிடையே, 1814-இல் சாமுவேல் சாயர் என்னும் பாளையங்கோட்டை வணிகர் கிறித்தவக் குடிகளுக்காக நிலம் வாங்கி விட்டுச்சென்றார். சாயர்புரம் என்று அவர் பெயராலேயே வழங்கும் அவ்வூரில் 1842-இல் ஜி. யு. போப் வந்து கல்விக்கூடம் தொடங்கிய வரலாறு வேறோர் அத்தியாயத்துக்குரியது.

இதுவரை சொன்ன நிலம் வாங்கும் முயற்சிகள் ஒவ்வொன்றும் ஒரு தனி மனிதரின் முனைப்பால் நிகழ்ந்தவை. அதை ஒரு நிறுவனமாக்கியவர் ரேனியஸ் ஐயர் என்னும் மிஷனரி. பிரஷ்யாவில் 1790-இல் பிறந்து, 1814-இல் சென்னைக்கு வந்து, ஹஃபின் அழைப்பால் 1820-இல் பாளையங்கோட்டையை அடைந்த இவர், தமிழ் இலக்கணமும் விவிலிய மொழிபெயர்ப்பும் எழுதிய புலமையாளராகவே தமிழ் நூல்களில் பெரிதும் போற்றப்படுகிறார். ஆனால் இவருடைய நாட்குறிப்பைப் படிப்போருக்கு, புலவரைக் காட்டிலும் கிராமக் கணக்குகளில் மூழ்கிய நிருவாகியே கண்முன் தோன்றுவார். 1820-களில் ஊர் ஊராகக் குடிகள் சபையில் சேர விண்ணப்பித்தபோது, அவ்விண்ணப்பத்தோடு கூடவே மனைத் தகராறும், வரித் தகராறும், மரத் தகராறும் வந்து சேர்ந்தன. தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் எழுதி முறையிடுவது ஒரு வழி. அது மெல்ல நகர்ந்தது. நிலத்தை வாங்கிவிடுவது மற்றொரு வழி. களக்காட்டுப் பக்கம், மேற்கு மலையின் அடிவாரத்தில், புலியூர்க்குறிச்சியை அடுத்து ஆலயமும் குடியிருப்பும் அமைக்கப் பிரஷ்யப் பிரபுவான தோனா கோமகன் பணம் அனுப்பியதால், 1827-இல் தோன்றிய அவ்வூர் தோனாவூர் என்று பெயர் பெற்றது. ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோமகனை எங்கே தேடுவது?

இக்கேள்விக்கு விடையாக 1830-இல் தர்ம சங்கம் என்ற அமைப்பு நிறுவப்பட்டது. மதம் மாறியதன் பொருட்டு வீடிழந்தவர்களுக்கும் இழக்கும் நிலையில் இருந்தவர்களுக்கும் நிலமும் வீடும் வாங்கிக் கொடுத்து, அவர்கள் யாருக்கும் அஞ்சாமல் வாழ இடம் செய்வதே அதன் நோக்கம். இதற்கான பணம் முதன்மையாக வெளிநாட்டிலிருந்து வரவில்லை என்பதுதான் இதன் சிறப்பு. உபதேசியார்களும் பள்ளி ஆசிரியர்களும் தம் சிறு சம்பளத்திலிருந்து சந்தா கட்டினர். சபையார் தம்மால் இயன்றதைச் சேர்த்தனர். ஆண்டுக்கொருமுறை பாளையங்கோட்டையில் கூடிக் கணக்குப் பார்த்தனர். நேற்றுவரை தமக்கென்று ஒரு சாண் நிலமில்லாத மக்கள், முகம் அறியாத வேறோர் ஊராரின் மனைக்காகக் காசு கொடுத்தனர் என்பதை அக்காலத்துச் சமூக அமைப்பில் வைத்துப் பார்த்தால்தான் அதன் புதுமை விளங்கும். தமிழகத்தில் தருமம் என்பது பெரும்பாலும் உடையவர் இல்லாதவருக்கு மேலிருந்து அளிக்கும் கொடையாக, கல்வெட்டிலும் செப்பேட்டிலும் கொடுத்தவர் பெயர் பொறிக்கப்படுவதாக இருந்தது. தர்ம சங்கத்தில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே வகுப்பினர். இவ்வாண்டு மனை பெற்ற ஊரார் அடுத்த ஆண்டு வேறோர் ஊருக்குச் சந்தா கட்டுவோராயினர்.

இச்சங்கத்தோடு இன்னும் சில நிதிகளும் அக்காலத்தில் தோன்றின. இறந்துபோன உபதேசியாரின் குடும்பத்தைத் தாங்க விதவைகள் நிதியும், முதியோரையும் நோயாளரையும் பேண ஏழைகள் நிதியும் ஏற்பட்டன. ஆலய விளக்குக்கு எண்ணெய் வாங்கவும் தனியாகத் திரட்டினர். பணம் புழங்காத பனங்காட்டில் காணிக்கை பலவேளை பொருளாகவே வந்தது. உலையில் அரிசி இடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு, வாரக் கடைசியில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் பிடி அரிசிக் காணிக்கை தென்னாட்டுச் சபைப் பெண்களிடம் வேரூன்றியது. வீட்டின் பணப்பெட்டி ஆண்களின் கையில் இருந்த காலத்தில், பெண்கள் தம் விருப்பப்படி கொடுக்கக்கூடியதாக இருந்தது சமையல் கலயம் ஒன்றே. அறுவடைக் காணிக்கையும், சாதம் பொங்கிச் சபையார் அனைவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அசனமும் இன்றும் நெல்லை, தூத்துக்குடி வட்டாரத்து ஆலயப் பண்டிகைகளில் காணக்கூடியவை.

வாங்கிய நிலத்தில் எழுந்த ஊர்கள் எவ்வாறு இருந்தன என்பதற்கு இடையன்குடி நல்ல சான்று. 1841-இன் இறுதியில் மிஷனரி கால்டுவெல் அங்கு வந்து சேர்ந்தபோது, கண்டபடி சிதறிய குடிசைகளும் அவற்றினிடையே வளைந்து செல்லும் மணல் தடங்களுமே இருந்தன. ஊர் நிலம் மிஷனுக்குரியதாக இருந்தமையால், அவர் குடியிருப்பை அடியோடு மாற்றியமைக்க முடிந்தது. தெருக்கள் நேராகவும் அகலமாகவும் கீறப்பட்டன. வீட்டுக்கு வீடு இடைவெளி விடப்பட்டது. கிணறுகள் வெட்டப்பட்டு, தெருவோரம் மரங்கள் நடப்பட்டன. நெடுவிளை என்ற பழைய பெயர் மாறி மெஞ்ஞானபுரம் ஆன ஊரில், 1837-இல் வந்த ஜான் தாமஸ் ஐயர் தேரி மணலில் ஆழக் கிணறு தோண்டித் தோப்பும் தோட்டமும் உண்டாக்கினார். ஆசீர்வாதபுரம், கடாட்சபுரம், சுவிசேஷபுரம், பிரகாசபுரம் என்று இன்றைய பேருந்துப் பலகைகளில் காணும் ஊர்ப்பெயர்கள் பலவும் இக்காலத்தவை.

ஆனால் நேரான தெருவுக்கு ஒரு விலையும் இருந்தது. நிலம் யாருடையதோ அவருடைய சொல்லே ஊரில் செல்லும் என்ற பழைய விதி, நிலவுடைமையாளர் இருந்த இடத்தில் மிஷனரி வந்தமர்ந்த பின்பும் முற்றாக மாறிவிடவில்லை. ஓய்வுநாளைக் கைக்கொள்ளாதவர், இரகசியமாகப் பேய்க்குப் பலியிட்டவர், குடித்துச் சண்டையிட்டவர் ஆகியோரை உபதேசியார் மிஷனரி ஐயரிடம் கொண்டு நிறுத்துவார். சபைத் தண்டனையும் ஊர்த் தண்டனையும் அங்கே ஒன்றாயின. சபையை விட்டு விலகுகிறவர் மனையை விட்டும் விலக நேரும் என்ற எண்ணம், வாய்விட்டுச் சொல்லப்படாவிடினும், ஊரார் மனத்தில் இருந்தே தீரும். அடைக்கலம் தந்த கை கட்டுப்படுத்தும் கையாகவும் இருந்தது என்பதை மறைத்து இவ்வூர்களைப் பொற்கால ஊர்களாக எழுதுவது வரலாறாகாது. மேலும், குடும்பம் குடும்பமாகவும் உறவு உறவாகவும் சேர்ந்தவர்களே ஓரிடத்தில் குடியேறியதால், இவ்வூர்களில் பல ஒரே சாதியார் வாழும் ஊர்களாகவே அமைந்தன. சாதி கடந்த சமூகத்தை உருவாக்க விரும்பிய ரேனியஸ் தம் பள்ளி மாணவர்களை ஒரே பந்தியில் அமர்த்தப் பட்ட பாடு, நிலத்தைக் கொண்டு சாதிக்க முடியாத ஒன்று உண்டென்பதைக் காட்டுகிறது.

1835-இல் திருச்சபை ஆட்சிமுறை பற்றிய கருத்து வேறுபாட்டால் ரேனியஸ் தம்மை அனுப்பிய சி.எம்.எஸ். என்னும் ஆங்கிலிக்க மிஷனரி சங்கத்திலிருந்து விலக்கப்பட்டார். சபைகளும் உபதேசியார்களும் இரண்டாகப் பிரிந்து மூன்றாண்டு பூசலிட்டனர். 1838-இல் அவர் இறந்தபின் பெரும்பாலோர் மீண்டும் ஒன்றாயினர். அப்பூசலின் இறையியல் நுணுக்கங்கள் இத்தருமத்தின் கதைக்கு அவ்வளவாகத் தேவைப்படாதவை.

வெளியிலிருந்து வந்த எதிர்ப்போ அவ்வளவு எளிதில் ஓயவில்லை. புதிய ஊர்கள் பெருகப் பெருக, கூலியாட்களையும் கோயில் வரியையும் இழந்த நிலவுடைமையாளர்கள் தாமும் சங்கம் சேர்ந்தனர். திருச்செந்தூரை நடுவாகக் கொண்டு 1840-களின் தொடக்கத்தில் எழுந்த அவ்வமைப்பு, உறுப்பினர் திருநீற்றைச் சான்றாக வைத்து உறுதிமொழி எடுத்தமையால் விபூதிச் சங்கம் எனப்பட்டது. கிறித்தவரானவர்களை மீண்டும் தாய்ச் சமயத்துக்குக் கொண்டுவருவதும், மறுப்பவரை ஒறுப்பதும் அதன் வேலையாயிற்று. 1845-இல் நல்லூர் வட்டாரத்துக் கிறித்தவ ஊர்கள் தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டன. வழக்கு நடந்தது, மாவட்ட நீதிமன்றம் தண்டித்தவர்களில் பலரைச் சதர் அதாலத் எனப்பட்ட மேல்நீதிமன்றம் விடுவித்தது, அதுவே சென்னை அரசாங்கத்துக்கும் நீதிபதிகளுக்கும் இடையே பெரும் மோதலாக முற்றியது. இக்கலகத்தைச் சமயப் பகை என்று மட்டும் எழுதிவிடுவது இரு தரப்பு நூல்களுக்கும் வழக்கமாக இருக்கிறது. தர்ம சங்கம் ஒரு மனையை வாங்கும்போது ஒரு நிலவுடைமையாளர் ஒரு பனையேறியை இழந்தார் என்ற கணக்கைச் சேர்த்துப் பார்க்காமல், இச்சீற்றத்தின் அளவு விளங்காது.

நிலத்துக்கு அடுத்தபடியாகக் குடும்பங்களை நிலைநிறுத்தியது பெண்களின் கைத்தொழில். திருவிதாங்கூர் நாட்டைச் சேர்ந்த நாகர்கோவிலில், லண்டன் மிஷனின் சார்ல்ஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா மால்ட், 1820-ஐ ஒட்டித் தம் விடுதிப் பள்ளிப் பெண்களுக்கு நூலும் கட்டைகளும் குண்டூசிகளும் கொண்டு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் வரைபடத்தை விரித்து, ஊசி குத்திய இடங்களைச் சுற்றிக் கட்டையில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போடும் நுண்பணி அது. விரல் பழகிவிட்டால், பேசிக்கொண்டே செய்யலாம். விற்ற பணம் பள்ளிக்கு உதவியது. அடிமைகளாக இருந்த பெண்கள் சிலர் தம் விடுதலையை அப்பணத்தால் வாங்கினர். மால்ட் தம்பதியரின் மகளும் நாகர்கோவிலிலேயே வளர்ந்து தமிழைத் தாய்மொழிபோல் பேசியவருமான எலைசா, 1844-இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது, அத்தொழிலையும் உடன் கொண்டுவந்தார். பனை பருவமற்ற மாதங்களில் ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் காசு வரும் ஒரே வழி சில குடும்பங்களில் பெண்ணின் திண்டாக இருந்தது. அதனால் அவள் பேச்சுக்கு வீட்டில் எடை கூடியிருக்கும் என்று ஊகிப்பதில் பிழையில்லை.

உதவி பெற்றவர்கள் உதவியின் நிபந்தனைகளை எதிர்த்த நிகழ்ச்சியும் இவ்வட்டாரத்திலேயே நடந்தது. நாசரேத் பகுதியில் ஆசிரியராகப் பணிபுரிந்து மிஷனரிகளோடு முரண்பட்டு வெளியேறிய அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, 1849-இல் கால்டுவெல் தம் சமூகத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் இழிவுபடுத்துவதாக உள்ளது என்று கொதித்தெழுந்தார். 1857-இல் பிரகாசபுரத்தில் அவரும் அவரைச் சார்ந்தோரும் தனிச் சபை அமைத்தனர். இந்துக் கிறித்தவ சபை எனவும் ஏக இரட்சகர் சபை எனவும் வழங்கிய அது, சனிக்கிழமையை ஓய்வுநாளாகக் கொண்டது; தூபம் முதலிய உள்நாட்டு வழிபாட்டு முறைகளை ஏற்றது; ஐரோப்பியரின் பணத்தையும் மேலாண்மையையும் வேண்டாமென்றது. தருமம் பெற்றவர் நன்றியோடு தலைகுனிந்தே நிற்பார் என்ற எதிர்பார்ப்பு பொய்த்ததில் மிஷனரிகளுக்கு வியப்பும் வருத்தமும் உண்டாயின. சந்தா கட்டியே மனை வாங்கப் பழகிய மக்கள் தம்மை இரவலராகக் கருதவில்லை என்பதுதான் இதன் பொருள்.

இந்நிலையை மாற்றியது பஞ்சம். 1876-இல் பருவமழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தைத் தமிழ் மக்கள் அது தொடங்கிய ஆண்டின் பெயரால் தாது வருடப் பஞ்சம் என்றனர். பெல்லாரி, கடப்பை, சேலம் மாவட்டங்கள் பட்ட பாட்டைத் திருநெல்வேலி படவில்லை; இரு பருவமழையாலும் நீர் பெறும் தாமிரபரணிப் பாசனம் ஓரளவு காத்தது. ஆற்றுநீர் எட்டாத தேரிக்காடும் கரிசலும் காய்ந்தன; கிணறு வற்றிய ஊர்களில் வாந்திபேதி புகுந்தது. அரசு நிவாரண வேலைக்களங்களில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில காசும் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியான சர் ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த அளவு, மண் சுமந்து நாள் முழுதும் உழைக்கும் உடலுக்குப் போதாதென்று சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடியதும், எதிர்ப்புக்குப்பின் அது உயர்த்தப்பட்டதும் பஞ்ச வரலாற்றில் நன்கறிந்தவை. 1877-இல் லண்டன் மாநகரத் தலைவரின் மாளிகையில் திறக்கப்பட்ட நிவாரண நிதியிலிருந்து பெருந்தொகை சென்னைக்கு வந்தது. அதை ஊர்தோறும் கொண்டு சேர்க்கும் பணியில் குருமாரும் உபதேசியார்களும் ஈடுபட்டனர். சபைகளின் முற்றங்களில் கஞ்சித் தொட்டிகள், அதாவது பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கும் நிலையங்கள், நடந்தன.

அவ்வாண்டில்தான் கால்டுவெல்லும் சி.எம்.எஸ். மிஷனரியான சார்ஜென்டும் திருநெல்வேலிக்கு உதவி ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டிருந்தனர். 1877-இன் நடுவிலிருந்து ஓராண்டுக்குள் கால்டுவெல் சார்ந்திருந்த எஸ்.பி.ஜி. என்னும் மிஷனரி சங்கத்தின் சபைகளில் மட்டும் ஏறத்தாழ 20,000 பேர் கிறித்தவப் போதனையின் கீழ் வந்தனர். வயிற்றுக்காக வந்தவர்கள் என்று அன்றே பழித்தனர். பசித்தபோது யார் பரிவு காட்டினர், யார் காட்டவில்லை என்பதை மக்கள் கண்டு தேர்ந்தனர் என்பது கால்டுவெல் தரப்பின் மறுமொழி. மழை திரும்பியபின் வந்தவர்களில் பலர் வந்தவழியே போனார்கள் என்பதையும், நின்றவர்களும் பலர் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இரு தரப்பும் பாதி உண்மையையே சொன்னதாகத் தோன்றுகிறது. இத்தொடரின் நோக்கில் அதைவிட முக்கியமான வேறொரு மாற்றம் உண்டு. இப்போது கொடுத்தவர் கடலுக்கப்பால் இருந்தார்; பெற்றவர் அவர் முகத்தைக் காணப்போவதில்லை; அடுத்த ஆண்டு தாமும் சந்தா கட்டி அதை ஈடுசெய்யும் வழியும் அவருக்கில்லை. தர்ம சங்கத்தின் காலத்தில் ஒரே மக்களிடையே சுழன்ற உதவி, இப்போது ஒரு திசையில் மட்டும் ஓடத் தொடங்கியது.

பஞ்சம் விட்டுச்சென்றவர்களில் நிலம் கொடுத்துக் காப்பாற்ற முடியாத ஒரு கூட்டம் இருந்தது. பெற்றோரை இழந்த பிள்ளைகளே அவர்கள். 1876-இல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ், மருத்துவம் கற்றவர். ஆஸ்துமாவால் வாழ்நாள் முழுதும் மூச்சிரைத்துக்கொண்டே முப்பதாண்டுக்கு மேல் அவ்வூரில் உழைத்து, 1908-இல் அங்கேயே இறந்தவர். 1870-இல் ஸ்ட்ரேச்சன் என்னும் மிஷனரி மருத்துவர் தொடங்கிய மருத்துவப் பணி அவர் கையில் தூய லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. பஞ்ச அனாதைகளுக்கு அவர் விடுதி அமைத்தார். விடுதிப் பிள்ளைகளை வளர்த்து எங்கே அனுப்புவது என்ற கேள்வி உடனே எழுந்தது. அவர்களுக்குத் தகப்பன் விட்ட மரமும் இல்லை, மனையும் இல்லை. பனையேறும் தொழிலைக் கற்றுத்தர வீட்டில் ஆளுமில்லை. 1878-இல் நாசரேத்தில் கலைத் தொழிற்பள்ளி ஒன்றை அவர் திறந்தார். தச்சு, கொல்லு, நெசவு, தையல் ஆகியவை ஆண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கப்பட்டன. பெண்களுக்கு லேஸும் பூத்தையலும் கற்பிக்கப்பட்டன. கொல்லனும் தச்சனும் தத்தம் சாதிக்குரிய தொழிலாகப் பிறப்பாலேயே அடையும் சமூகத்தில், எந்தச் சாதி என்று தெரியாத அனாதைப் பிள்ளை உளியெடுத்துக் கதவு இழைப்பது ஊராருக்குப் புதுமையாக இருந்தது.

நாசரேத் வட்டாரத்துப் பிள்ளைகள் பனையை விட்டு அகன்று நகரங்களுக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் பிழைக்கச் சென்றது இதற்குப்பின் விரைவாயிற்று. அதற்கு முன்பே, இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளரிடையே பணியாற்ற 1854-இல் அங்கு தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷனுக்கு நெல்லைச் சபைகள் தம் உபதேசியார்களை அனுப்பியிருந்தன. பாளையங்கோட்டையில் 1890-களில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், ஃபுளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் செவித்திறனற்றோருக்கும் தொடங்கிய பள்ளிகளும், 1901 முதல் தோனாவூரில் ஏமி கார்மைக்கேல் கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண்குழந்தைகளுக்கு அமைத்த இல்லமும், இந்தத் தொழிற்பள்ளி திறந்த வழியிலேயே வந்தவை: ஊரை விட்டு விடுதியையும், குடும்பத்தை விட்டுத் தனிப் பிள்ளையையும் நோக்கிய பணிகள் அவை. இவற்றுள் ஆஸ்க்வித் அம்மையாரின் பள்ளியும், தமிழ் எழுத்தைப் புள்ளிகளாகத் தொட்டுப் படிக்கும் முறை அங்கே வழக்கத்துக்கு வந்த வரலாறும் அடுத்த அத்தியாயத்தில் இடம்பெறும்.